வார்த்தை வற்றிப்போன பிறகு எப்படிச் செபிப்பது?

கரியடுப்பு (பெருமாள்மலை)
செவ்வாய், இரவு 9.40

இயேசுவுக்கே புகழ். ரொம்ப நாளாக இங்கே வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. போன வாரம் பூம்பாறைத் தம்பி ஒருவர், “கஷ்டத்தில் செபி செபி என்கிறார்கள், எனக்கு வாயே வரமாட்டேன் என்கிறது” என்று ஒரு வரி எழுதியிருந்தார். யாரும் பதில் போடவில்லை. இரண்டு நாளாக அந்த வரி மனசைவிட்டுப் போகவில்லை. அந்தத் தம்பிக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில் டீக்கடை வைத்திருக்கிறேன். வத்தலக்குண்டு ரோடும் பழனி ரோடும் வந்து சேருகிற இடம். 2018 நவம்பரில் கஜா புயலில் மரமெல்லாம் சாய்ந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த வாரத்தில்தான் என் வீட்டுக்காரருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. குளிரில் நின்றதால் என்று நினைத்தோம். கீழே கொண்டுபோய்க் காட்டியபோது இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். அடுத்த மாதமே டயாலிசிஸ். வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். காப்பீட்டு அட்டை இருந்ததால் பணம் கட்டவில்லை. ஆனால் மலை இறங்கி ஏறுவது இருக்கிறதே, அதற்கு எந்த அட்டையும் கிடையாது. மெஷினிலிருந்து எழுந்து வருகிற ஆளுக்கு உடம்பு நடுங்கும். அந்த நடுக்கத்தோடு வளைவு வளைவாக மேலே ஏற வேண்டும். 2020 ஊரடங்கில் பஸ் நின்றபோது கேரட் மூட்டைகளோடு காய்கறி வண்டியில் உட்கார்ந்து போயிருக்கிறோம்.

அந்த முதல் வருஷம் நான் செய்யாத செபம் இல்லை. நவநாள், செபமாலை, கொடைக்கானல் சலேத் மாதாவுக்கு நேர்த்தி, வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாகப் பொருத்தனை. எல்லாம் கேட்டுப் பார்த்தேன். அப்புறம் ஒரு கட்டத்தில் வார்த்தை வற்றிவிட்டது. “விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே” என்று ஆரம்பித்தால் “எங்கள்” என்ற இடத்தைத் தாண்டாது. தொண்டையில் அப்படியே நின்றுவிடும். கடவுள்மேல் கோபமா என்றால் அதுவும் சரியாகத் தெரியவில்லை. ஊற்று வறண்டால் குடத்தில் சத்தம்தானே வரும், அப்படி இருந்தது.

டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு முன்கையில் இரண்டு ரத்தக்குழாயைச் சேர்த்து ஒரு சின்ன ஆபரேஷன் செய்வார்கள். பிஸ்டுலா என்பார்கள். அந்த இடத்தில் கை வைத்தால் உள்ளே ரத்தம் விர்ரென்று ஓடுவது தெரியும். பூனை மடியில் படுத்துக்கொண்டு குர்குர் என்குமே, சரியாக அந்த அதிர்வு. “தினமும் தொட்டுப் பாருங்கள், அது நின்றுபோனால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் வாருங்கள்” என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். நாலு மணிக்குக் கடை அடுப்பு மூட்ட எழுந்திருப்பேன். அதற்கு முன்னால் இருட்டிலேயே கம்பளிக்குள் அவர் கையைத் தேடி உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். ஓடுகிறது, சரி என்று எடுத்துவிட்டுப் போய்விடுவேன்.

ஒருநாள் எடுக்கவில்லை. ஏன் என்று தெரியாது. ஓடுகிறது என்று தெரிந்த பிறகும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எதுவும் கேட்கவில்லை, எதுவும் சொல்லவில்லை. ஆள் இருக்கிற வீட்டுக்கும் ஆள் இல்லாத வீட்டுக்கும் வாசலில் நிற்கும்போதே வித்தியாசம் தெரியுமல்லவா? அந்தமாதிரி, இங்கே ஆண்டவர் இருக்கிறார் என்று தெரிந்தது. வெளிச்சமோ குரலோ ஒன்றும் வரவில்லை. வெளியே மஞ்சு இறங்கித் தகரக்கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். அன்றையிலிருந்து தினமும் உட்கார்ந்தேன்.

2021-இல் அவர் போய்விட்டார். இப்போது கை வைக்க ஆள் இல்லை. நாலு மணிக்கு உட்காருவதை மட்டும் விடவில்லை. சமாதானம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. அழுகை நின்றுவிட்டதா என்று கேட்டால், இல்லை. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியும் என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது.

நான் படித்தவள் இல்லை. இப்படிச் செபிப்பதற்குத் திருச்சபையில் பெயர் உண்டா, முன்னே யாராவது செய்திருக்கிறார்களா என்று தெரிந்தவர்கள் சொன்னால் தம்பிக்கும் உதவும், எனக்கும் உதவும்.

வில்பட்டி வாத்தியார்
செவ்வாய், இரவு 11.15

அக்கா, வாசித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

நான் ஒரு காலத்தில் குருவாகப் போகலாம் என்று செண்பகனூரில் தியானத்துக்கெல்லாம் உட்கார்ந்தவன். இயேசு சபை என்கிற கத்தோலிக்கத் துறவற சபையார் 1895-இலிருந்து அங்கே இருக்கிறார்கள். பாதை மாறி இப்போது பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன். அங்கே கற்ற ஒன்றைச் சொல்கிறேன். “எங்கள் என்ற சொல்லைத் தாண்டாது” என்று எழுதியிருக்கிறீர்கள். அது தோல்வி என்று நினைக்கிறீர்கள். அந்தச் சபையைத் தொடங்கிய இலொயோலா இஞ்ஞாசியார் தன் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ புத்தகத்தில் அதை ஒரு செப முறையாகவே எழுதி வைத்திருக்கிறார். பரலோக மந்திரத்தின் (நீங்கள் ஆரம்பிக்கிற அதே “எங்கள் தந்தையே” செபம்) முதல் சொல்லை எடுத்துக்கொள். அந்தச் சொல்லில் சுவை இருக்கிறவரை அங்கேயே இரு. ஒரு மணி நேரமும் அந்த ஒரே சொல்லில் போய்விட்டாலும் அடுத்த சொல்லுக்கு ஓடாதே என்கிறார். இன்னொரு முறையும் சொல்கிறார்: ஒரு மூச்சுக்கு ஒரு சொல், அடுத்த மூச்சுக்கு அடுத்த சொல்.

அவரே அடிபட்ட ஆள்தான். 1521-இல் பம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு காலை நொறுக்கியது. மாதக்கணக்கில் படுக்கை. அதற்குப் பிறகுதான் இதெல்லாம்.

முன்னே யார் செய்தார்கள் என்று கேட்டீர்கள். நாலாம் நூற்றாண்டிலேயே எகிப்து பாலைவனத்தில் ஓலைக்கூடை முடைந்துகொண்டு இப்படி உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள். அதில் மோசே என்ற ஒரு முதியவரிடம் ஒருவர் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டாராம். “போய் உன் அறையில் உட்கார், அந்த அறை உனக்கு எல்லாம் சொல்லித்தரும்” என்றாராம். உங்களுக்கு அந்தக் கம்பளியும் இருட்டும் சொல்லித் தந்திருக்கிறது.

எக்காளம் (வத்தலக்குண்டு)
புதன், காலை 6.05

சகோதரிக்கு இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம். உங்கள் இழப்புக்காக வருந்துகிறேன். உங்களை நோகடிக்க எழுதவில்லை, ஆனால் மனதில் பட்டதைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

வாயைத் திறந்து ஜெபிக்கும்படிதான் வேதம் எங்களுக்குக் கற்றுக்கொடுக்கிறது. குருடனாகிய பர்திமேயு இயேசுவைக் கூப்பிட்டான், ஜனங்கள் அதட்டியபோது இன்னும் அதிகமாகக் கூப்பிட்டான். மனதை வெறுமையாக வைப்பதில் எனக்குப் பயம் இருக்கிறது. பெருக்கிச் சுத்தமாக வைத்த வெறும் வீட்டுக்குள் போன ஆவி ஏழு ஆவிகளோடு திரும்பி வந்ததாக ஆண்டவரே சொல்லியிருக்கிறார். உங்கள் ஊரிலேயே ஜென் என்கிற பௌத்த தியான மையம் ஒன்று இருக்கிறது. அதையும் கிறிஸ்தவ ஜெபத்தையும் இளம்பிள்ளைகள் குழப்பிக்கொள்ளக் கூடாது. எங்கள் சபையில் காத்திருப்புக் கூட்டம் உண்டு. காத்திருக்கிறோம், ஆனால் துதித்துக்கொண்டு காத்திருக்கிறோம்.

கரியடுப்பு
புதன், மதியம் 2.30

கடையில் கூட்டம், இப்போதுதான் நேரம் கிடைத்தது. வாத்தியார் தம்பிக்கு நன்றி. “எங்கள்” பற்றி நீங்கள் எழுதியதை மூன்று தடவை வாசித்தேன்.

எக்காளம் பிரதர், நீங்கள் அக்கறையோடுதான் கேட்கிறீர்கள், எனக்கு வருத்தம் இல்லை. நீங்கள் சொல்கிற மையம் இயேசு சபைக் குரு ஆமா சாமி 1996-இல் இங்கே தொடங்கிய போதி ஜென்டோ. அங்கே போகிற வெள்ளைக்காரர்களும் நம் ஊர்க்காரர்களும் என் கடையில் டீ குடிப்பார்கள். அமைதியான ஜனங்கள். நான் உள்ளே போய் உட்கார்ந்தது கிடையாது, அதனால் அதைப் பற்றிச் சொல்ல மாட்டேன். என் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். அந்த நாலு மணிக்கு என் மனசு வெறுமையாக இருந்ததே இல்லை. அவர் இருந்தார், அவர் கை இருந்தது, பயம் இருந்தது, கடன் இருந்தது, ஆண்டவர் இருந்தார். இத்தனையும் நிறைந்த வீட்டில் வெறும் இடம் எங்கே? நான் பேசுவதை மட்டும்தான் நிறுத்தினேன்.

பர்திமேயு கூப்பிட்டான், உண்மை. ஆனால் ஆண்டவர் பக்கத்தில் வந்து நின்ற பிறகும் கத்திக்கொண்டா இருந்திருப்பான்?

கோத்தகிரி பெரியவர்
புதன், இரவு 8.20

எனக்கு வயது 71. நீலகிரிப் பக்கம், சி.எஸ்.ஐ. சபை, ஓய்வுபெற்ற ஆசிரியர். தட்டச்சு மெதுவாகத்தான் வரும்.

சகோதரர் எக்காளம் அவர்களுக்கு, பிள்ளை வேண்டி ஜெபித்த அன்னாளை நினைவூட்டுகிறேன். சீலோ ஆலயத்தில் அவள் உதடு மட்டும் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியன் ஏலிக்கு அந்த ஜெபம் பழக்கமில்லாதது. குடித்திருக்கிறாள் என்று நினைத்து அதட்டினான். கர்த்தரோ கேட்டார். ஆகவே அவசரப்பட்டு ஏலியாகிவிட வேண்டாம் என்று அன்போடு சொல்கிறேன்.

2009 நவம்பர் மழை இங்கே பலருக்கு நினைவிருக்கும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எங்கும் மண்சரிவு, நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் என் உறவு வீடு ஒன்று போயிற்று. இரவில் மண் இறங்கியது. காலையில் நான் போய்ச் சேர்ந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறும், பாதி புதைந்த ஒரு தேயிலைச் செடி வரிசையும் இருந்தன. தோண்டுகிறவர்கள் அவ்வப்போது கை காட்டுவார்கள், உடனே எல்லோரும் பேச்சை நிறுத்துவோம். உள்ளிருந்து ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்பதற்காக. அந்தமாதிரி அமைதியை நான் எந்த ஆலயத்திலும் கேட்டதில்லை. நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். பிறகு மண்வெட்டி மறுபடி ஆரம்பிக்கும்.

ஏன் சொல்கிறேன் என்றால், “நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்” என்ற வசனம் எங்கள் வீட்டில் காலண்டரில் ஏரிப்படத்தோடு தொங்கியது. அந்த மாதம் சங்கீதம் 46-ஐ முதலிலிருந்து வாசித்தேன். பூமி நிலைமாறினாலும், மலைகள் சமுத்திரத்தில் சாய்ந்துபோனாலும் என்றல்லவா அதன் ஆரம்பத்திலேயே வருகிறது! மலை சரிகிற ஊரில் நின்றுகொண்டு பாடிய பாட்டு அது. ஏரிக்கரையில் எழுதப்பட்டதில்லை. ‘அமர்ந்திருந்து’ என்று நாம் வாசிக்கிற இடத்தில் எபிரெயச் சொல்லுக்கு ‘கையைத் தளர விடு, பிடியை விடு’ என்று பொருள். எங்கள் போதகர் ஒருவர் விளக்கியபோது தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு ஆலயத்தில் மாலை வேளையில் தனியாகப் போய் உட்கார ஆரம்பித்தேன். பாட்டும் இல்லை, ஜெபமும் இல்லை. ஆலயப் பணியாளர் பெருக்கிக்கொண்டிருப்பார். நான் உட்கார்ந்திருப்பேன். தோண்டும்போது காது கொடுத்தோமே, அதே காதோடு. என்ன கேட்டது என்று கேட்காதீர்கள். சமாதானம் ஆறேழு மாதம் கழித்துத்தான் வந்தது. வந்த நாளை நான் கவனிக்கவே இல்லை. ஒருநாள் மழை பெய்யும்போது தூங்கியிருக்கிறேன் என்று காலையில் என் மனைவி சொல்லித்தான் தெரியும்.

பழனிப்பாதை
புதன், இரவு 10.00

நான் கிறிஸ்தவன் இல்லை, முருகன் கோயிலுக்குப் பாதயாத்திரை போகிறவன். அக்கா கடையில் டீ குடித்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். “சும்மா இரு, சொல்லற” என்று முருகன் தனக்குச் சொன்னதாக அருணகிரிநாதர் பாடியிருக்கிறார். சின்ன வயதில் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன். என் அம்மா இறந்த வருஷம்தான் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தது. உங்கள் விவாதத்தில் குறுக்கிட்டதற்கு மன்னிக்கவும்.

பூண்டுக்காடு (பூம்பாறை)
வியாழன், காலை 5.10

அந்த ஒரு வரி எழுதினது நான்தான். அக்கா, இத்தனை பேர் எழுதுவார்கள் என்று நினைக்கவில்லை.

என் பிரச்சினை உங்களுடையது அளவுக்குப் பெரிசு இல்லை. விதைப்பூண்டுக்குக் கடன் வாங்கினோம், அழுகல் நோய் வந்து பாதிக்காடு போச்சு, மிச்சத்தை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போனால் விலை இல்லை. அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து காட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் கோயம்புத்தூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தேன். எனக்குத் தூக்கம் இரண்டு மணிக்குக் கலைந்துவிடும். அப்புறம் வராது. அந்த நேரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து நிமிஷத்தில் ஐம்பது கணக்கு ஓடுகிறது. வட்டி, மூட்டை, லாரி வாடகை. இதை எப்படி அமைதி என்று சொல்வது? எவ்வளவு நேரம் உட்கார வேண்டும், எதை நினைக்க வேண்டும்? யாராவது தெளிவாகச் சொல்லுங்கள். சில நாள் விடிந்தால் எதற்கு எழுந்திருக்கிறோம் என்று இருக்கிறது.

இரவுப்பணி (குன்னூர்)
வியாழன், காலை 5.45

தம்பி, நான் நர்ஸ். இப்போதுதான் டியூட்டி முடித்தேன். செபத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன், நேராகவே கேட்கிறேன். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா? தோன்றினால் வெட்கப்படாமல் சொல். சொல்வதால் ஒன்றும் கெட்டுவிடாது.

14416 என்ற எண்ணைக் குறித்துக்கொள். டெலி மனாஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 2022-இலிருந்து இருக்கிறது, காசு இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். இரண்டு மணிக்குத் தூக்கம் கலைந்து திரும்ப வராமல் இருப்பது, அப்பா பேசாமல் உட்கார்ந்திருப்பது, இரண்டையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். உன் அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மாத்திரை சாப்பிட்டால் விசுவாசம் குறைவு என்று யாராவது சொன்னால் கேட்காதே. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே போய்ப் படுத்து, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றாரே, அவருக்கு ஆண்டவர் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. தூங்க விட்டார். தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். திரும்பவும் தூங்க விட்டார். ஆண்டவர் பேசிய அந்த மெல்லிய சத்தமெல்லாம் நாற்பது நாள் கழித்துத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய அதிர்ச்சியில் இருக்கிறவர்களுக்குக் கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்தால் சில சமயம் இன்னும் மோசமாகும், பழைய காட்சி எல்லாம் வரும். அப்படி வந்தால் கண்ணைத் திற, எழுந்து நட, ஆள் இருக்கிற இடத்துக்குப் போ. பிடிவாதமாக உட்கார வேண்டாம். ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பூண்டுக்காடு
வியாழன், காலை 7.30

இல்லை அக்கா, அந்த எண்ணம் இல்லை. சோர்வுதான். நீங்கள் கேட்டதும் அழுதுவிட்டேன். நம்பரைக் குறித்துக்கொண்டேன். அப்பாவை எப்படி அழைத்துப்போவது என்று தெரியவில்லை, அம்மாவிடம் பேசுகிறேன்.

வில்பட்டி வாத்தியார்
வியாழன், இரவு 9.00

நர்ஸம்மா எழுதியதுதான் முதல் பதில். அதைச் செய்துவிட்டு இதை வாசி தம்பி.

எவ்வளவு நேரம், எதை நினைப்பது என்று கேட்டாய். இரண்டு துறவிகள் நம் காலத்தில் இதை எளிமையாக்கித் தந்தார்கள். ஒருவர் ஜான் மெயின், பெனடிக்ட் சபைத் துறவி. ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு மெதுவாக உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இரு என்பார். அவர் தந்த சொல் ‘மாரநாதா’. இயேசு பேசிய அரமேய மொழியில் ‘ஆண்டவரே வாரும்’ என்று பொருள். மா, ர, நா, தா. தமிழில் எழுதினால் சரியாக நாலு எழுத்து, நாலும் ஒரே அளவு இடைவெளியில் வரட்டும். இன்னொருவர் அமெரிக்காவின் தாமஸ் கீட்டிங். அவர் முறையில் சொல்லை ஓயாமல் சொல்ல வேண்டியதில்லை. எண்ணத்தின் பின்னால் போய்விட்டோம் என்று தெரிகிறபோது மட்டும், மெதுவாக அந்தச் சொல்லுக்குத் திரும்பி வர வேண்டும். இருவருமே ஒரு நாளைக்கு இரண்டு வேளை, இருபது நிமிஷத்துக்குக் குறையாமல் என்பார்கள். உனக்கு இப்போது பத்து நிமிஷம் போதும். முதுகு நேராக இருக்கட்டும், கண் திறந்திருந்தாலும் பரவாயில்லை.

ஐம்பது கணக்கு ஓடுகிறது என்றாய். ஐம்பது தடவை திரும்பி வந்தால் ஐம்பது செபம். நான் இதை ஆறுதலுக்குச் சொல்லவில்லை, இந்த முறையின் வேலையே அந்தத் திரும்பி வருதல்தான். அவிலா தெரசா செபத்தைப் பற்றி எழுதியவர்களில் பெரியவர். அவரே, சில வருஷங்கள் செப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக எழுதியிருக்கிறார்.

இன்னொரு விஷயம். சமாதானம் என்றால் இனிமையான உணர்வு என்று நினைத்துவிடாதே. சிலுவை அருளப்பர் என்ற துறவியைச் சொந்தச் சபைக்காரர்களே 1577 டிசம்பரில் பிடித்து ஸ்பெயினின் டொலேடோவில் ஒரு சின்ன அறையில் அடைத்தார்கள். ஒன்பது மாதம் போல. அந்த இருட்டில்தான் அவர் தன் கவிதைகளைப் பாடினார். அன்னை தெரேசா இறந்தபின் 2007-இல் அவர் கடிதங்கள் வெளிவந்தபோது உலகமே திகைத்தது. பல பத்தாண்டுகள் ஆண்டவரின் அருகாமையை உணரவே இல்லை என்று எழுதியிருந்தார். ஆனாலும் தினமும் காலையில் அந்த மௌனத்தில் போய் உட்கார்ந்தார், அப்புறம் எழுந்து வேலைக்குப் போனார்.

இஞ்ஞாசியார் சொன்ன ஒரு விதி உன் நிலைமைக்கு ரொம்பப் பொருந்தும். மனம் இருண்டிருக்கும்போது பழைய தீர்மானத்தை மாற்றாதே என்பார். காட்டை விற்பது, ஊரைவிட்டுப் போவது இதையெல்லாம் இரண்டு மணித் தூக்கக்கலக்கத்தில் முடிவு செய்யாதே.

எக்காளம்
வெள்ளி, அதிகாலை 4.50

பெரியவர் ஐயா சொன்ன ஏலி என்ற வார்த்தை குத்தியது. குத்த வேண்டிய இடத்தில்தான் குத்தியது.

‘மாரநாதா’ என்று சொல்லித்தான் எங்கள் சபையில் விடைபெறுவோம். அதை இப்படி மூச்சோடு சொல்லலாம் என்று நினைத்ததில்லை. நான் இன்னும் சத்தமாகத்தான் துதிப்பேன், என் ஆத்துமாவுக்கு அதுதான் பாஷை. ஆனால் ஒரு காரியத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் மூத்த மகள் ஒரு வயதில் ஐ.சி.யூ.வில் இருந்தபோது மூன்று இரவு வராந்தாவில் கத்தி ஜெபித்தேன். நாலாவது இரவு தொண்டை கட்டிவிட்டது, காற்றுதான் வந்தது. என் மனைவி பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தாள். விடியும்வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8-இல் எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பெருமூச்சு எங்கள் இருவரிடமும் இருந்தது. அதை ஜெபம் என்று நான் இதுவரை கணக்கில் வைக்கவில்லை. மகள் பிழைத்தாள். பிழைக்காமல் போயிருந்தால் சகோதரியைப்போல எழுத எனக்குத் தெம்பு இருந்திருக்குமா, தெரியாது.

கோத்தகிரி பெரியவர்
வெள்ளி, மாலை 6.40

சகோதரரே, அந்த வார்த்தை கடுமையாக விழுந்திருந்தால் மன்னிக்க வேண்டும். ஏலியும் கடைசியில் அன்னாளைச் “சமாதானத்துடனே போ” என்று ஆசீர்வதித்துத்தான் அனுப்பினான்.

தம்பிக்கு சங்கீதம் 131-ஐ வாசிக்கச் சொல்கிறேன். மூன்றே வசனம். “பால்மறந்த குழந்தையைப்போல்” என்று ஆத்துமாவைச் சொல்லியிருக்கும்.

கரியடுப்பு
வெள்ளி, இரவு 10.30

எங்கள் திருவிவிலியத்தில் அந்த இடத்தில் தாய்மடிக் குழந்தை என்றுதான் இருக்கும். பால்மறந்த என்ற சொல்லை ஐயா எழுதியதைப் பார்த்ததும் எனக்கு என் இளைய மகன் ஞாபகம் வந்துவிட்டது. இதை எழுதாமல் தூங்க முடியாது.

இரண்டு வயது தாண்டியும் அவன் விடவில்லை. என் மாமியார் வேப்பங்கொழுந்தை அரைத்துத் தடவச் சொன்னார். தடவினேன். மூன்று நாள் அந்தப் பிள்ளை அழுத அழுகை இருக்கிறதே! மடியில் ஏறும், வாயை வைக்கும், கசக்கும், என் முகத்தைப் பார்க்கும். நீயா இப்படிச் செய்கிறாய் என்று கேட்கிற பார்வை. அடிக்கும், தள்ளும், இறங்கி ஓடும், திரும்ப வரும். எனக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வேறு. அவன் அழும்போதெல்லாம் நானும் அழுதேன், அது அவனுக்குத் தெரியாது.

நாலாவது நாள் சாயங்காலம் கடையில் உட்கார்ந்திருந்தேன். வந்தான், மடியில் ஏறினான், எதையும் தேடவில்லை. என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதுவரை அவன் பாலுக்காக வந்தான். அன்றைக்கு என்னிடம் வந்தான். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது, அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் பிழைக்க வேண்டும் என்பதுதான் எனக்கு அந்தப் பால். அதற்காகத்தான் ஆண்டவரிடம் போனேன். அது கசந்தது. நீயா இப்படிச் செய்கிறாய் என்று நானும் கேட்டேன், அவர் போன பிறகு ஏழெட்டு மாதம் கேட்டேன். சில நாள் நாலு மணிக்கு உட்கார்ந்து, வாயைத் திறக்காமலே சண்டை போட்டிருக்கிறேன். ஒருநாள் பாதியில் எழுந்து போய்ப் பாத்திரத்தைத் தூக்கிப் போட்டு உடைத்தேன். மறுநாளும் போய் உட்கார்ந்தேன், வேறு எங்கே போவது? சலேத் மாதாவை 1846-இல் அந்த இரண்டு பிள்ளைகள் பிரான்சு மலையில் முதலில் பார்த்தபோது, கையில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள் என்றுதானே சொன்னார்கள். அழுகிற தாயின் பெயரில் நம் கொடைக்கானலில் கோயில் இருக்கிறது. அதனால் அழுதுகொண்டே அவள் மகன் முன்னால் உட்காருவது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை.

எப்போது மாறியது என்று எனக்கும் தேதி தெரியாது, பெரியவர் ஐயாவுக்குத் தெரியாத மாதிரியேதான். இப்போது உட்காரும்போது எதையும் தேடுவதில்லை. வலது உள்ளங்கையை என் இடது முன்கைமேல் வைத்துக்கொள்வேன், பழக்கம். என் கையில் அந்த அதிர்வு இல்லை. சாதாரண நாடித்துடிப்புதான், தேடினால்தான் தெரியும்.

நீடித்த சமாதானம் என்று சொல்கிறோம். போன நவம்பரில் ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்ற அன்று, டயாலிசிஸுக்குப் போகிற வேறொரு குடும்பம் என் கடை வாசலில் மாட்டிக்கொண்டது. அந்த அம்மா கைபேசியை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பயம் அப்படியே திரும்ப வந்தது, வயிற்றைப் புரட்டியது. ஆனால் நான் ஓடி ஒளியவில்லை. முன்பென்றால் உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருப்பேன். அந்த ஐயாவைக் கடைக்குள் கூப்பிட்டு, கம்பளி போட்டு, அடுப்புப் பக்கம் உட்கார வைத்தேன். தண்ணீர் அளவு பார்த்துத்தான் குடிக்க வேண்டும் என்பதால் அரை டம்ளர் டீ. ஜீப் வருகிறவரை நாங்கள் மூன்று பேரும் ஒன்றும் பேசவில்லை.

பூண்டுக்காடு
ஞாயிறு, இரவு 8.10

அக்கா, மூன்று நாள் உட்கார்ந்தேன். மாரநாதா சொன்னேன். முதல் நாள் கணக்குதான் ஓடியது. இரண்டாம் நாள் தூங்கிவிட்டேன். இன்று காலை உட்கார்ந்திருந்தபோது அப்பா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “கிழக்கு வரப்புப் பக்கம் பூண்டு தப்பிச்சிருக்கு, பார்த்தியா?” என்றார். ஒரு மாதத்தில் அவர் பேசின முதல் பேச்சு. செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போகிறோம், அம்மாவும் வருகிறாள்.

நடுவில் பேசியது செபத்தைக் கெடுத்துவிடுமா?

கரியடுப்பு
ஞாயிறு, இரவு 8.25

கெடுக்காது. அவர் பேசட்டும், நீ பதில் சொல்லு.

உங்கள் ஊர்ப்பக்கம் இப்போது பனி அதிகம். வெறும் தரையில் உட்காராதே, சாக்கை நாலாக மடித்துப் போட்டு, மேலே கம்பளி. அப்பாவுக்கும் ஒன்று போட்டு வை. செவ்வாய்க்கிழமை கீழே இறங்குவதாக இருந்தால், மூன்று பேரும் கடைக்கு வந்துவிட்டுப் போங்கள். அஞ்சு மணிக்கெல்லாம் அடுப்பு எரியும்.